காக்கித் துணியில் ஒரு கைப்பிடி

காசிராஜனிடம் ஒரு கத்தியைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவன் அலகைத் திரும்பியும் பார்க்க மாட்டான். நேரே கைப்பிடிக்குப் போவான். கண்ணை மூடிக்கொண்டு வலது கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவல், கீழிருந்து மேலாக ஒரு தடவல். அந்த நேரத்தில் என்ன கேட்டாலும் பதில் வராது. ஆள் இங்கே இருந்தால்தானே வரும்? இருபது வருசத்துக்கு முன்னால் மூடிப்போன எங்கள் மில்லின் ரோலர் ரூமுக்குள் போயிருப்பான். திரும்பி வர ஐந்து நிமிசம் ஆகும். அதுவரை நாம் சும்மா நிற்க வேண்டியதுதான்.

எங்கள் மில் என்று சொல்லிவிட்டேன். நானும் அங்கேதான் இருந்தேன், நூல் ஓடுகிற ரிங் ஃபிரேமில். என் பெயர் முத்துசெல்வம். இப்போது இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வேலை செய்கிறோம். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற நாற்கரச் சாலையை விட்டுக் கரிசலுக்குள் இறங்குகிற வண்டித்தடத்தில் அந்தத் தகரக் கொட்டகை இருக்கிறது. முதலாளி பிரின்ஸ்டன், முப்பத்தைந்து வயசு. இன்ஜினியரிங் படித்துச் சென்னையில் நல்ல வேலையில் இருந்தவன். கத்திப் பைத்தியம் பிடித்து ஊருக்கு வந்துவிட்டான். அவன் அடிக்கிற கத்திகளைப் பெங்களூரிலும் கோவாவிலும் பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் போனிலேயே சொல்லி வாங்குகிறார்கள். ஒரு கத்தி என்ன விலை என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னால் நம்ப மாட்டாள். அதனால் நான் சொல்வதும் இல்லை. கத்திக்கு நான் தோல் உறை தைக்கிறேன். காசி கைப்பிடியை முடித்துக் கொடுக்கிறான்.

மரத்திலும் கொம்பிலும் பிடி போடுவது உண்டுதான். ஆனால் சமையல்காரர்கள் அதிகம் கேட்பது துணிக்கட்டை. அதற்கு வெளியூர்ப் பெயர் மைக்கார்ட்டா. கெட்டியான பருத்தித் துணியைச் சாண் நீளத்துக்குத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ரெசின் பசையில் முக்கி, முப்பது துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கிவிட்டால் மறுநாள் அது கட்டையாகியிருக்கும். துணி என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதை இரண்டாக அறுத்து, கத்தி அலகுக்குப் பின்னால் நீளும் வால் இரும்புக்கு இரண்டு பக்கமும் ஒட்டி, பித்தளைக் குச்சி இறக்கி, ஓடுகிற சாணைப் பெல்ட்டில் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேய்க்கத் தேய்க்க உள்ளே இருக்கிற துணி அடுக்குகள் வெட்டுப்பட்டு, வளைகிற இடத்தில் எல்லாம் வரிவரியாகத் தெரியும். அதற்குப் பிறகு மிஷினுக்கு வேலை இல்லை. உப்புத்தாளும் கையும்தான். அங்கேதான் காசி உட்கார்ந்திருக்கிறான்.

வந்த புதிதில் அவன் அடித்த கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு ரோலர் ரூம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். நூல் மிஷினில் பஞ்சைப் பிடித்து இழுக்கிற ரோலர்களுக்கு ரப்பர் உறை போட்டிருக்கும். ஓடி ஓடி அதில் கீறல் விழும். கழற்றிக் கொண்டுபோய்ச் சாணையில் ஒரு மெல்லிய தோல் சீவி, மறுபடியும் வழுவழுப்பாக்கித் தருவது ரோலர் ரூம். ரப்பரில் இம்மி சொரசொரப்பு இருந்தாலும் பஞ்சு அதில் சுற்றிக்கொள்ளும், நூல் அறும், ஃபிரேமில் நிற்கிற எங்கள் உயிர் போகும். காசி அதைத்தான் இருபத்திரண்டு வருசம் செய்தான். அந்தக் கையோடு வந்து முதல் பத்துக் கத்திக்கும் பிடியைக் கண்ணாடியாக்கிவிட்டான். தலைவாரிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. கோவாவில் மீன் வெட்டுகிற ஒரு சமையல்காரர், ஈரக் கையில் நிற்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பிரின்ஸ்டன் பொறுமையாகச் சொன்னான்: பிடி பளபளக்க வேண்டாம், துணியின் இழை கொஞ்சம் கையில் படுகிற அளவோடு நிறுத்துங்கள், ஈரம் பட்டால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்று. காசி நம்பாமல் வாளித் தண்ணீரில் கையை முக்கிப் பிடித்துப் பார்த்தான். பிரின்ஸ்டன் சொன்னதுதான் சரி. அதன் பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. என்னவென்று கேட்டதற்கு, “இருவத்திரெண்டு வருசம் சொரசொரப்ப எடுக்கதுக்குச் சம்பளம் வாங்குனேன். இப்ப அத வைக்கச் சொல்லுதாவ” என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இப்போது அதே காசி, உள்ளங்கை படுகிற இடத்தில் எவ்வளவு, கட்டைவிரல் படுகிற இடத்தில் எவ்வளவு என்று இடத்துக்கு இடம் அளவு வைத்திருக்கிறான். அவன் முடித்த பிடி ஒன்றுகூட இந்த ஆறு வருசத்தில் திரும்பி வரவில்லை.

ரோலர் ரூமில் அவனுக்கு மேலே எட்வர்ட் அண்ணன் இருந்தார். சீவி முடித்த ரோலர்களைப் பார்த்து எடுக்கிறவர் அவர். பார்த்து என்றா சொன்னேன்? பார்க்கவே மாட்டார். கட்டைவிரலை வைத்து உருட்டுவார், அவ்வளவுதான். எட்டு வயசு மூத்தவர். காசிக்கு அவர்மேல் பயமும் பிரியமும் சரிபாதி. ஒரு பங்குனித் திருவிழாவன்று சீக்கிரம் கிளம்புகிற அவசரத்தில், நாற்பது ரோலருக்கு நடுவே சரியாக வராத ஒன்றைச் சொருகி வைத்துவிட்டான். எட்வர்ட் அண்ணன் முதல்நாள் பார்த்த ஹாக்கி மேட்ச் கதையைச் சொல்லிக்கொண்டே உருட்டி வந்தவர், கதையை நிறுத்தாமல், முகத்தையும் திருப்பாமல், அந்த ஒன்றை மட்டும் எடுத்து அவன் மடியில் வைத்தாராம். அத்தனை வருசத்தில் அந்த விரலை ஏமாற்றி ஒரு ரோலர்கூட வெளியே போனதில்லை. காசி இதைப் பெருமையாகத்தான் சொல்வான், ஏமாற்றப் பார்த்தவன் தான்தான் என்பதையே மறந்து.

அந்த நாட்களைப் பற்றி எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிபார்க்கும். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி இருபது வயசுப் பையன்களும் கிழவன்களாக வருவோம். கேண்டீன் டீயைக் குறை சொல்லாத நாள் கிடையாது. இன்று அந்த டீ ஒரு கிளாஸ் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது. வருசத்துக்கு ஒருமுறை காக்கித் துணி அளந்து கொடுப்பார்கள். மில் வாசலில் இருந்த ஒரே டெய்லரிடம்தான் எல்லாரும் தைக்கக் கொடுப்போம். அவர் அறுநூறு பேருக்கும் ஒரே அளவில் தைப்பார். குண்டாக இருக்கிறவன் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும், ஒல்லியாக இருக்கிறவன் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒருநாள் காலையில் தூக்குவாளியோடு போனோம். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பத்து மணிவரை நின்றுவிட்டு, கொண்டுபோன சோற்றை ரோட்டோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். இன்று அந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நிற்கின்றன.

எட்வர்ட் அண்ணனின் மனைவி மேரிராணி அக்கா ஏழு வருசத்துக்கு முன்னால் இறந்துபோனார். நாலு வருசமாக அண்ணனுக்குக் கண் தெரியாது. சர்க்கரை. ஒரே மகள் ஜீனா ஓசூரில் இருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவர் அசையவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அந்த இரண்டு அறை வீட்டில் தடவித் தடவித் தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் காசி போய்விடுவான். சில நாள் நானும் போவேன். இரண்டு பேரும் சேர்ந்து மில்லை மறுபடியும் ஓட்டுவார்கள், மூன்று ஷிப்டும். எந்த மிஷினில் யார் நின்றார்கள், யாருக்கு யார் பொண்ணு கொடுத்தார்கள், எந்த மேஸ்திரிக்கு என்ன பட்டப்பெயர் என்று. எனக்கே சலித்துப்போய் எழுந்து வருவேன். அவர்களுக்குச் சலிக்காது.

போன மாசி மாதம் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதோடு பிடிவாதம் முடிந்தது. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீனா காரோடு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது காசியை வரச்சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு காக்கிச் சட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தார். மில்லுக்குக் கடைசியாகப் போட்டுப்போன சட்டை. வேறு ஒன்றும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

“ஏலே காசி, இத ஒங்க கத்திக்குப் பிடியாக்க முடியுமாலே?”

முடியும் என்றான் காசி.

“பொண்ணு வீடு நாலாவது மாடியாம். அங்கன போயி நான் சும்மா உக்காந்திருக்க மாட்டேன். வெங்காயமாவது நறுக்கிக் குடுப்பேன். பிடிக்கிற பிடி நம்ம மில்லா இருக்கட்டும்.”

மறுநாள் கொட்டகைக்கு வந்து காசி இதைச் சொன்னான். இத்தனை வருசத்தில் அண்ணன் தன்னிடம் கேட்ட முதல் காரியம் இது என்றான். எத்தனையோ பேருக்குப் பிடி போட்டிருக்கிறேன், இதைத்தான் ஒழுங்காகப் போட வேண்டும் என்றான்.

சட்டை வருசக்கணக்காகப் பெட்டியில் கிடந்த வாடை அடித்தது. துவைத்துத் தரும்படி வீட்டில் கொடுத்தான். அவன் மனைவி வெயிலுகந்தம்மாள் கஞ்சி போடுவதில் பெயர் எடுத்தவள். எங்கள் தெருவில் கல்யாணம் காட்சி என்றால் வேட்டி சட்டை எல்லாம் அவளிடம்தான் போகும். அவள் கஞ்சி போட்ட வேட்டி கொடியிலிருந்து இறங்கித் தானாக நடந்து வரும் என்று நான் கேலி செய்வேன். அன்றைக்கு அவள் சட்டையை இரண்டு தண்ணீரில் அலசி, கெட்டியாக அரிசிக் கஞ்சி வடித்து முக்கி, சித்திரை வெயிலுக்கு மிச்சமாக நின்ற வைகாசி வெயிலில் காயவைத்து, தேய்த்து மடித்துக் கொடுத்தாள். எட்வர்ட் அண்ணன் சட்டை, அதுவும் கடைசியாக ஒரு காரியத்துக்குப் போகிற சட்டை, கசங்கிப் போகக்கூடாது என்பது அவள் எண்ணம். அதில் தப்புச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

அந்த வாரம் பிரின்ஸ்டன் கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் தடுத்திருப்பான். நானும் காசியும்தான் இருந்தோம். துணி முடமுடவென்று நின்றது. கத்தரி வைத்தால் காகிதம் மாதிரி நேராக வெட்டுப்பட்டது, ஓரம் ஒரு நூல் பிரியவில்லை. மில் துணி மில் துணிதான் என்று நான் சொன்னேன். அந்தக் காலத்து நெசவு என்று அவன் சொன்னான். மற்றத் துணிகள் ரெசினில் போட்டதும் குடித்துக் கறுத்துவிடும். இது கறுக்கவில்லை. அதையும் பார்த்தோம். நெருக்கமான நெசவு, மெதுவாகத்தான் குடிக்கும் என்று இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். இரண்டு மில்காரர்கள் சேர்ந்து மில் துணியைப் பெருமை பேச ஆரம்பித்தால் வேறு எதுவும் கண்ணில் படாது. முப்பது துண்டும் அடுக்கி இறுக்கினோம். மிச்சம் நின்றது காலரும் கைப்பட்டியும்தான்.

மறுநாள் பிரித்தபோது கட்டை நன்றாகத்தான் இருந்தது. அறுத்தான், ஒட்டினான், பித்தளைக் குச்சி இறக்கினான். புதன்கிழமை பெல்ட்டில் வைத்து வளைவு எடுக்க ஆரம்பித்தான். இரண்டு அடுக்கு தேய்ந்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிந்தது. தண்ணீர் தொட்டுப் பார்த்தான், மறையவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தான். ஓரம் பிசிறு தட்டியது. நகத்தால் நெருடினான். வெங்காயத் தோல் மாதிரி ஒரு அடுக்கு தூக்கிக்கொண்டு வந்தது. மிஷினை நிறுத்திவிட்டு, கையில் கத்தியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மத்தியானம் பிரின்ஸ்டன் வந்து சேர்ந்தான். பிடியை வாங்கிப் பார்த்தான், தூக்கி நின்ற ஓரத்தை மோந்தான்.

“துணியில கஞ்சி இருந்துச்சா அண்ணாச்சி?”

காசி தலையைக் குனிந்துகொண்டான். நூலுக்குள் கஞ்சி போய் அடைத்துக்கொண்டதால் ரெசின் உள்ளே இறங்கவில்லை, மேலோடு காய்ந்துவிட்டது, இனி இதை ஒன்றும் செய்ய முடியாது என்று பிரின்ஸ்டன் மெதுவாகச் சொன்னான். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. காசி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “எங்க வீட்டுல யாரும் சொல்லிராதிய.” பிறகு குச்சியைத் தட்டி எடுத்து, இரும்பிலிருந்து அந்தத் துண்டுகளைப் பெயர்த்து, பேப்பரில் மடித்துச் சோத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அண்ணனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றான் பிரின்ஸ்டன். வேறு காக்கித் துணி வாங்கிப் போட்டுவிடலாம், கண் தெரியாத மனுசனுக்கு என்ன தெரியப்போகிறது என்று சொன்னது நான். இதை எழுதும்போது கூசத்தான் செய்கிறது. ஆனால் சொன்னது நான்தான்.

காசி என் பேச்சைக் கேட்டான். பஜாரில் அதே கனத்துக்குக் காக்கித் துணி எடுத்து, சோடா உப்புப் போட்டு நாலு முறை வேகவைத்து வெயிலில் காயப்போட்டு, புதுத்துணியின் திமிர் போகிறவரை கசக்கினான். வியாழக்கிழமை மாலை அடுக்கினான். வெள்ளி சாயங்காலம் பிடி ஏறியது. சனிக்கிழமை முழுவதும் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தான். முதலில் முரட்டுத் தாள், பெல்ட் போட்ட கோடு போகிறவரை. பிறகு நடுத்தரம். பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாள், அதுவும் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் மட்டும். விளிம்பு கையில் அறுக்காதபடி நகத்தளவு மழுக்கினான். பல்துலக்கும் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுக் கழுவி, இழைக்குள் இருந்த தூசியை எடுத்து, காயவைத்து, துணியில் ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்தான். வெளிறிக் கிடந்த காக்கி சட்டென்று நிறம் ஏறி, வரி வரியாக எழுந்து நின்றது. அவன் முடித்ததிலேயே அதுதான் சிறந்த பிடி. வாயைத் திறந்து சொன்னேன். அவன் கண்ணைத் திறக்காமல், கட்டைவிரலை ஓட்டியபடியே, “அண்ணன் கண்டுபிடிச்சிருவாவ” என்றான். பிடிக்க மாட்டார் என்று சொன்னேன். என்னை அப்படி ஒரு முறை முறைத்தான். பயத்தில் முறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஜீனா பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நானும் காசியும் வெயிலுகந்தம்மாளும் போனோம். வழிக்குச் சாப்பிட அவள் புளியோதரை கட்டிக் கொண்டுவந்திருந்தாள். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பதால் காசி அதை ஸ்டூல்மேல் வைத்து, அவர் கையைப் பிடித்து அதன்மேல் கொண்டுபோய் விட்டான்.

அவர் பிடியை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார். மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். காசி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் திரும்பி வந்தது.

“நம்ம சட்டைதாம்லே” என்றார் அண்ணன். “முதுகுப் பக்கத் துணி. ஒரு கிரீஸ் கறை உண்டும் அதுல. அதுகூடக் கையில தட்டுபடுது பாரு.”

அந்தக் கடைத்துணியில் கறை ஏது? எனக்கு அப்பாடா என்று இருந்தது, தப்பித்தோம் என்று. காசியைப் பார்த்தேன். அவன் முகம் விழுந்துபோயிருந்தது. விறுவிறுவென்று வெளியே போனான். குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அண்ணன் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

“அண்ணே, நீங்க கண்டுபிடிப்பியன்னு நெனச்சேன்” என்றான். “இது ஒங்க சட்ட இல்ல. கடத்துணி. ஒங்க சட்டைய நான் கெடுத்துட்டேன். ரெசின் கலக்குததுல தப்புப் பண்ணிட்டேன்.”

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனுக்குப் பின்னால் நின்ற வெயிலுகந்தம்மாளுக்குச் சட்டை கெட்டுப்போன செய்தியே அப்போதுதான் தெரியும். எனக்கும் அப்போதுதான் புரிந்தது, முந்தின நாள் அவன் பயப்படவில்லை என்பது. அவன் ஆசைப்பட்டிருக்கிறான். அந்த விரல் தன்னைப் பிடிக்க வேண்டும் என்று. மில் போய், சங்கு போய், கட்டடம் போய், அந்த விரல் ஒன்றுதான் மிச்சம் என்று அவன் நினைத்திருந்தான். அதுவும் இல்லை என்று ஆனதும் மனுசனால் தாங்க முடியவில்லை. துணியை மாற்றச் சொன்ன என்னை நான் அங்கேயே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எட்வர்ட் அண்ணன் கத்தியை மடியில் வைத்தார். பிறகு கையை நீட்டித் தடவி, காசியின் தலையைக் கண்டுபிடித்தார்.

“வெரலு செத்து ரெண்டு வருசம் ஆச்சுலே. கண்ணத் தின்ன சக்கர அதயும் தின்னுட்டு. கொதிக்கிற சட்டியத் தொட்டாக்கூடத் தெரியாது. நீ எனக்குன்னு பண்ணிக் கொண்டாந்திருக்க, நான் வேற என்ன சொல்லுவேன்?”

யாரிடமும் இதைச் சொல்லவில்லை, சொன்னால் கத்தியைக் கையில் தரமாட்டார்கள் என்று இருந்துவிட்டேன் என்றார். வாசலில் நின்ற ஜீனா உள்ளே வந்து அவர் மடியிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. நீயே வைத்துக்கொள், வெங்காயமும் நீயே நறுக்கு என்று அவளிடம் சொல்லிவிட்டு, காசியைப் பார்த்து, அதாவது அவன் குரல் வந்த பக்கம் பார்த்து, அந்தக் கெட்டுப்போனது எங்கே என்று கேட்டார்.

அது நாலு நாளாகக் காசியின் சோத்துப் பையில்தான் இருந்தது. பேப்பரைப் பிரித்துக் கொடுத்தான். அண்ணன் அதை விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. தூக்கி மேலுதட்டில் வைத்தார். ரோலர் ரூமில் கையில் எண்ணெய் இருந்தால் அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ரப்பரை முத்தம் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் ஃபிரேமிலிருந்து கேலி செய்வோம். உதட்டாலேயே தடவிப் போய், தூக்கிக்கொண்டு நின்ற ஓரத்தைக் கண்டுபிடித்து, பல்லால் கவ்வி இழுத்தார். ஒரு அடுக்கு உரிந்து வந்தது. உள்ளே ரெசின் ஏறவே இல்லை. துணி துணியாகவே இருந்தது. அதை மூக்கில் வைத்து இழுத்தார்.

“கஞ்சி போட்ட துணியாலே இது?”

இல்லை என்று காசி ஆரம்பித்தான்.

“நாந்தாண்ணே போட்டேன்” என்றாள் வெயிலுகந்தம்மாள். “கசங்கிப் போயிரக் கூடாதேன்னு போட்டேன். அதுனாலயா?” புருசனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் அவன் ஏன் பேசாமல் கிடந்தான் என்பது அவளுக்கு அந்த நிமிசத்தில் விளங்கிவிட்டது. அழுகையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அண்ணன் அந்தத் துணியை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கிட்டே வரச்சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க அக்கா போன பெறவு எஞ்சட்டைக்கு ஒருத்தரும் கஞ்சி போடல தங்கச்சி” என்றார்.

கார் கிளம்பும்போது பார்த்தேன், முன்சீட்டில் அவர் அந்தத் துண்டை மேலுதட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கார் சாத்தூர் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் வெயிலுகந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். காசி போய் அவள் கையைப் பிடித்து, ரோட்டைக் கடந்து கூட்டிக்கொண்டு வந்தான். ஊர் பார்க்க அவன் அவள் கையைப் பிடித்து நான் கண்டதில்லை.